அந்த மாத்திரை எனக்கல்ல

மே 5, திங்கள்

காலை ஏழு மணிக்கே வெயில். கத்திரி தொடங்கிவிட்டது. தண்ணீர் லாரி வரவில்லை. பால் திரிந்துபோயிற்று.

முதலில் ஒன்று. எனக்கு மறதி நோய் இல்லை. ஏ பிளாக்கிலிருந்து வாட்ச்மேன் வரை அப்படித்தான் பேசிக்கொள்கிறார்கள். இல்லை. வாயால் யாரிடமும் மறுக்க முடியாத நிலையில் இருக்கிறேன். அதனால் இங்கே எழுதுகிறேன்.

நடந்தது இவ்வளவுதான். போன வாரம், ஸ்டேஷன் ரோடு மருந்துக் கடை. கையில் நரம்பு டாக்டரின் சீட்டு. டொனெபெசில், இரவு ஒன்று. கடைக்காரன் மாத்திரையின் பெயரைப் பார்த்தான். என் நரைத்த தலையைப் பார்த்தான். சீட்டின் மேலே எழுதியிருந்த நோயாளியின் பெயரை மட்டும் பார்க்கவில்லை.

"நைட்டு படுக்கறதுக்கு முன்ன ஒண்ணு, பாட்டிமா. மறந்துடாத!" தானே சிரித்தான். "மறக்காம இருக்கத்தான மாத்திரையே, இன்னா சொல்ற?"

பக்கத்தில் தைலம் வாங்க நின்றிருந்தவள் ரேவதி. எங்கள் குடியிருப்புச் சங்கச் செக்ரட்டரியின் மனைவி. அவள் முகத்தில் உடனே ஓர் இரக்கம். மாலைக்குள் எல்லா மாடிக்கும் போய்ச் சேர்ந்துவிட்டது.

மாத்திரை நளினிக்கு. என் மகள். முப்பத்தாறு வயது. அதைத்தான் சொல்ல முடியாது.

கண் எரிகிறது. மீதி நாளை.

மே 6, செவ்வாய்

தண்ணீர் வந்தது. தொட்டி பாதி.

நளினிக்குப் பிறவியிலேயே சிக்கில் செல் நோய். ரத்த அணு வட்டமாக இல்லாமல் அரிவாள் போல வளைந்து, சின்னக் குழாய்களில் அடைத்துக்கொள்ளும். அடைத்த இடத்தில் வலி. நீலகிரியில் எங்கள் ஜனத்தில் உண்டு. அவர் பக்கமும் இருந்தது, என் பக்கமும் இருந்தது. ஆளுக்குப் பாதி கொடுத்தோம். எங்களுக்குத் தெரியாது. மகன் முரளி தப்பினான், இவள் மாட்டினாள். அவர் ஆவடித் தொழிற்சாலையில் ஓய்வுபெற்று நெமிலிச்சேரியில் இந்த வீட்டை வாங்கியதே, ரயிலைப் பிடித்து இவளைப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக வசதி என்றுதான். அவர் போய்விட்டார். ரயில் இருக்கிறது.

வலி எங்களுக்குப் பழக்கம். இது புதிது. வேலையில் ஒரே பில்லைக் கணக்கில் இரண்டு தரம் ஏற்றுகிறாள். மேனேஜர் நான்கு வேலை சொன்னால் கடைசி ஒன்றுதான் கையில் இருக்கிறது. ஸ்கேன் எடுத்தபோது மூளையில் சின்னச் சின்னப் புள்ளிகள். சத்தமில்லாமல் வந்துபோன அடைப்புகளாம். கை கால் இழுக்கவில்லை, வாய் கோணவில்லை. அதனால் எங்களுக்குத் தெரியவில்லை.

அவளே சொன்னது: "எக்செல்ல ஒரு வரி பாத்துட்டு அடுத்த வரிக்குப் போறதுக்குள்ள முதல் வரி போயிடுதும்மா. மறக்கல. நிக்கல."

அம்பத்தூர் எஸ்டேட்டில் கணக்குப் பிரிவு வேலை. இந்த மாதக் கடைசியில் மேனேஜர் எல்லாருடைய வேலையையும் மதிப்பிடுவார். அதற்குப் பயந்து, ரத்த டாக்டரிடம் கேட்காமல், யாரோ சொன்ன நரம்பு டாக்டரிடம் போனாள். அவர் எழுதியது வயதானவர்களின் மறதிக்குக் கொடுக்கும் மாத்திரை. "போட்டுப் பார்க்கலாம்" என்றாராம். போட்டுப் பார்க்கப் புடவையா?

ஏன் சொல்லக் கூடாது: அந்தக் கம்பெனியில் பெர்சனல் பிரிவில் இருப்பவர் மருமகள் பிரியாவின் அக்கா கணவர். வேலை வாங்கிக் கொடுத்ததே அவர். நளினிக்கு (இனி ந.) ரத்தசோகை என்பது வரைதான் அங்கே தெரியும். மூளை என்ற சொல் பிரியா காதில் விழுந்தால் மறுநாள் அம்பத்தூரில் விழும்.

"அண்ணாகிட்டகூடச் சொல்லாதம்மா. சத்தியம் பண்ணு."

சத்தியம் எல்லாம் செய்வதில்லை. சொல்ல மாட்டேன் என்றேன். என் வீட்டில் அது போதும்.

மே 8, வியாழன்

மோர், வெள்ளரி. ந. எதையும் தொடவில்லை. குமட்டல் என்கிறாள். காலையில் வாந்தி. தண்ணீர் பாட்டில் போனபடியே திரும்பி வந்தது. இந்த நோய்க்குத் தண்ணீர்தான் பாதி மருந்து, இந்த வெயிலில்.

கீரை வாங்கக் கீழே போனேன். கேட்டில் வாட்ச்மேன் ஏழுமலை குறுக்கே நின்றான்.

"எங்க மா, தனியா கெளம்பிட்ட?"

"கீரைக்கு."

"செக்ரட்டரி சார் சொல்லிகீறாரு. உன்ன தனியா உடக் கூடாதாம். ஊட்டுக்கு வழி மறந்து நெமிலிச்சேரி ஸ்டேஷனாண்ட நின்னுகினு இருந்தா யார் பதில் சொல்றது?"

"நீ எந்த பிளாக் வாட்ச்மேன், ஏழுமலை?"

"ரெண்டுக்கும்தான் மா."

"அப்படியானால் பி பிளாக் கேட் திறந்து கிடக்கிறது, ஒரு மாடு உள்ளே போகிறது. அதற்கு முதலில் வழி சொல்."

ஓடினான். நான் கீரை வாங்கி வந்தேன். பின்னாலேயே ரேவதி. "ஆன்ட்டி, பாத்து, படி இருக்கு." அந்தப் படியில் நான் இத்தனை வருடம் ஏறியபோது அதுவும் அங்கேதான் இருந்தது.

சுண்டைக்காய் வற்றல் தீர்ந்தது. வாங்க வேண்டும்.

மே 11, ஞாயிறு

முரளியும் பிரியாவும் சென்னீர்குப்பத்திலிருந்து வந்தார்கள். ரேவதி போன் செய்திருக்கிறாள்.

சமையல்: வத்தக் குழம்பு, அவரைப் பொரியல், அப்பளம். பிரியா குழம்பை எடுத்து முகர்ந்து பார்த்தாள். உப்பு போட்டேனா, வேறு எதையாவது போட்டேனா என்ற சந்தேகம். முரளி மூன்று முறை சாதம் போட்டுக்கொண்டான். அதை யாரும் கணக்கில் எடுக்கவில்லை.

பிறகு பரீட்சை. போனில் ஏதோ கேள்வித்தாள் வைத்திருக்கிறாள்.

"அத்தை, சும்மா ஜாலிக்குத்தான். இன்னைக்கு என்ன கிழமை?"

"நீ வந்திருக்கிறாய். ஞாயிறாகத்தான் இருக்கும்."

"காலைல என்ன சாப்பிட்டீங்க?"

"உன் பாட்டுக்குக் கேட்டுக்கொண்டே இரு, உன் தலையைச் சாப்பிடுகிறேன்."

முரளியைத் திரும்பிப் பார்த்தாள். "பாத்தீங்களா? கேட்டதுக்குப் பதில் வரல." கிண்டல் செய்தால் நோயாம். கோபப்பட்டால் அதுவும் நோயாம், அதற்கும் அவள் போனில் ஒரு வரி இருக்கிறது.

ந. தலை குனிந்து அப்பளத்தை நொறுக்கிக்கொண்டிருந்தாள். சாப்பிடவில்லை.

போகும்போது ஒரு அட்டை கொடுத்தார்கள். பிளாஸ்டிக் உறை, நீலக் கயிறு. என் பெயர், வீட்டு எண், முரளியின் நம்பர். கழுத்தில் மாட்டிக்கொள்ள வேண்டுமாம்.

"எல்.கே.ஜி. பிள்ளைக்கு மாட்டுவது போலவா?"

"அம்மா, உன் நல்லதுக்குத்தான். கேஸை ஆஃப் பண்ணினியான்னு தினம் ஆபீஸ்லேர்ந்து என்னால நினைச்சிட்டே இருக்க முடியல."

கேஸ் சிலிண்டரின் கழுத்தில் மாட்டிவிட்டேன். காணாமல் போனால் முரளிக்கு போன் வரும்.

அவர்கள் போன பிறகு ந. சொன்னது: "சாரிம்மா. மாசக் கடைசி வரைக்கும்தான்."

இன்னும் இருபது நாள் நான் மறதிக்காரி. சரி.

மே 12, திங்கள்

மின்சாரம் போனது, மதியம் முழுக்க. விசிறிக் காம்பு உடைந்தது.

நான் படித்த கான்வென்டில் சிஸ்டர் திங்கள்தோறும் ஒரு பத்தியை ஒரே தடவை வாசிப்பார். வாசித்ததை மூடிவைத்துவிட்டு நாங்கள் நினைவிலிருந்து எழுத வேண்டும். அதையே ந.வுக்கு மார்ச்சிலிருந்து செய்கிறேன். செய்தித்தாளில் ஒரு சின்னச் செய்தி. மாத்திரைக்கு முன்பும் எழுதியிருக்கிறாள், பின்பும் எழுதுகிறாள். தாள்கள் எல்லாம் என்னிடம்.

இன்று குத்தம்பாக்கம் பஸ் நிலையம் பற்றிய செய்தி. எழுதினாள். பழைய தாள்களோடு வைத்துப் பார்த்தேன். வித்தியாசம் இல்லை. முதல் வாக்கியம் இருக்கிறது, கடைசி வாக்கியம் இருக்கிறது, நடுவில் பள்ளம். அன்றும் பள்ளம், இன்றும் பள்ளம்.

"எனக்குத் தெளிவா இருக்கும்மா. உள்ள லைட் போட்ட மாதிரி இருக்கு. உனக்கு எப்படித் தெரியும்?"

"தாளில் தெரியவில்லையே."

"எப்பப் பாரு தாளு, மார்க்கு. நான் உன் ஸ்கூல்ல படிக்கலம்மா."

இரண்டு வாரத்தில் தெரியாது என்பதும் உண்மையாக இருக்கலாம். ஒருத்தியை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. அது எனக்கும் தெரியும். ஆனால் இத்தனை பேரை வைத்துப் பார்த்தோம், இது உதவியது என்று யாராவது எழுதிவைத்திருக்க வேண்டுமே? அதை அந்த டாக்டரிடம் கேட்டாயா? கேட்கவில்லை. பில்லைக் கட்டிவிட்டு எழுந்து வந்திருக்கிறாள்.

மே 14, புதன்

துணி காயப்போட மொட்டை மாடி. தரை சுட்டது.

ந.வின் மருந்து டப்பாவைத் துடைத்தேன். ரத்த டாக்டர் எழுதிய கேப்சூல், பல வருடமாக எடுப்பது, வலி வராமல் காப்பது அதுதான். அட்டை போன வாரம் இருந்தபடியே இருக்கிறது. ஒன்றும் குறையவில்லை.

மாலை கேட்டேன். முதலில் இல்லை என்றாள். பிறகு:

"குமட்டுதும்மா. அந்தக் கேப்சூலாலதான்னு நினைக்கிறேன். அதை விட்டா சரியாயிடும்."

"இத்தனை வருடம் குமட்டாதது இப்போது ஏன் குமட்டும்? புதிதாக வந்தது எது?"

"அதை விட மாட்டேன்."

"நளினி."

"விட மாட்டேம்மா. வலி வந்தா ஊசி போட்டுக்கலாம். வேலை போனா எந்த ஊசி போடுவ?"

டப்பாவை மூடிவைத்தேன்.

முரளிக்கு போன். கொடுத்த வார்த்தையை மீறவில்லை. கேப்சூலைப் பற்றி மட்டும் சொன்னேன்: உன் தங்கை ரத்த மாத்திரையை நிறுத்திவிட்டாள், நீ பேசு.

"அம்மா... நீ புது அட்டையைப் பாத்திருப்ப. பழசு எங்கயாவது கெடக்கும்."

"நான் பார்த்ததைச் சொல்கிறேன்."

"சரிம்மா. சரி. சாப்டியா? கேஸ் ஆஃப் பண்ணினியா?"

பக்கத்தில் பிரியாவின் குரல்: "இப்ப எதை எண்ணிட்டிருக்காங்களாம்?"

போனை வைத்துவிட்டேன். டைப்பிஸ்டாக இருந்த காலத்தில் நான் அடித்த காகிதத்தில் ஓர் எழுத்துப் பிசகு என்று யாரும் திருப்பி அனுப்பியதில்லை.

மே 16, வெள்ளி

ஆஸ்பத்திரி. நேற்றைய விஷயத்தை இன்று எழுதுகிறேன். இது வார்டு வராந்தா, பெஞ்சில் பாதி இடம்.

நேற்றுக் காலை ந. ஸ்டேஷனில் மயங்கி விழுந்தாள். பெண்கள் பெட்டியில் தினமும் கூட வருகிறவர்கள் தூக்கி உட்கார வைத்து, போனில் என்னைக் கூப்பிட்டார்கள். ஏழுமலை கேட்டில் தடுக்கவில்லை. அவனே ஆட்டோ பிடித்தான். "ஏறு மா, ஏறு, நா சொல்லிக்கிறேன் செக்ரட்டரியாண்ட." அதையும் எழுத வேண்டும்.

ஆட்டோவில் வலி தொடங்கியது. தொடை, இடுப்பு, பிறகு நெஞ்சு. பற்களைக் கடித்த சத்தம் எனக்குக் கேட்டது.

அவசரப் பிரிவு. டிரிப்ஸ், ஊசி, ஆக்சிஜன். நாடி மிகவும் மெதுவாக ஓடுகிறது என்றார் அங்கிருந்த இளம் டாக்டர். அதற்குள் முரளியும் பிரியாவும் வந்துவிட்டார்கள்.

"புதுசா ஏதாவது மருந்து எடுக்கறாங்களா?"

ந. உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தாள். வார்த்தை கொடுத்திருந்தேன். நாடி மெதுவாக ஓடுகிறது. சொன்னேன்.

"டொனெபெசில். இரவு ஒன்று. இரண்டு வாரத்துக்கு மேலாக. வாந்தி இருந்தது, தண்ணீர் குடிக்கவில்லை. ரத்தக் கேப்சூலையும் நிறுத்திவிட்டாள்."

டாக்டர் நிமிர்ந்தார். "அது இவங்களுக்கு எதுக்கு? வயசானவங்க மாத்திரையாச்சே?"

முரளி என் தோளில் கை வைத்தான். மெதுவாக, குழந்தையைத் தொடுவது போல. "டாக்டர், அது எங்க அம்மாவோட மாத்திரை. அவங்களுக்கு மறதி."

பிரியா: "மாத்திக் குடுத்துட்டாங்கபோல, டாக்டர். தெரிஞ்சு செய்யல, பாவம். நாங்கதான் பாத்திருக்கணும்."

"அது என் மாத்திரை இல்லை" என்றேன். சத்தமாகத்தான் சொல்லியிருப்பேன். அடுத்த கட்டிலில் இருந்தவர்கள் திரும்பினார்கள்.

டாக்டர் ந.விடம் குனிந்தார். "அம்மா மாத்திரையைத் தெரியாம சாப்டுட்டீங்களா? தலைய மட்டும் ஆட்டுங்க, போதும்."

ந. என்னைப் பார்த்தாள். பிரியாவைப் பார்த்தாள். கண்ணை மூடிக்கொண்டு, ஆமாம் என்று தலையை ஆட்டினாள்.

எழுதிக்கொண்டார். 'தாயாரின் மாத்திரை தவறுதலாகக் கொடுக்கப்பட்டது.' ஆங்கிலத்தில்தான். தலைகீழாக இருந்தாலும் எனக்குப் படிக்கத் தெரியும்.

வலியில் இருந்தாள். தெரியும். வலி இல்லாமல் இருந்திருந்தாலும் ஆட்டியிருப்பாள். அதுவும் தெரியும்.

காபி நன்றாக இல்லை.

மே 18, ஞாயிறு

வலி இறங்குகிறது. நாடி சரியாகிவிட்டது. இட்லி ஒன்றரை.

ரத்த டாக்டர் அம்மா வந்தார். ந.வைச் சின்ன வயதிலிருந்து பார்ப்பவர். இந்த முறை என்னைப் பார்த்த விதம் வேறு. கேஸ் ஷீட்டைப் படித்திருக்கிறார். என் கையைப் பிடித்துக்கொண்டு, உரக்க, ஒவ்வொரு சொல்லாக:

"பாட்டி. உங்க. மாத்திரையை. இவங்களுக்கு. குடுக்கக் கூடாது."

விளக்கம் சொல்லப் போவதில்லை. ஆனால் என்னை அப்படி நினைத்தால் அதில் ஒரு வசதி உண்டு. எதை வேண்டுமானாலும் கேட்கலாம். பிரியா வெளியே போனில் இருந்தாள். கேட்டேன்: "இவளுக்கும் மூளை மந்தமாக இருக்கிறது என்கிறாளே, அந்த மாத்திரை இவளுக்கு உதவாதா?"

நின்று, பொறுமையாகச் சொன்னார். இவ்வளவு தெளிவாக இத்தனை வருடத்தில் யாரும் எனக்குச் சொன்னதில்லை. சிக்கில் செல் உள்ளவர்களுக்கு இந்தத் தடுமாற்றம் வரும், அது சோம்பலும் இல்லை, புத்திக் குறைவும் இல்லை. அதற்கென்று மருந்து வேண்டும் என்று எல்லா டாக்டரும் ஆசைப்படுகிறார்கள். ஆனால் இது உதவும் என்று நம்பிக்கையாகச் சொல்ல, ஒழுங்காகச் செய்த ஆராய்ச்சி போதவில்லை.

"உதவும்னு என்னால சொல்ல முடியாது. உதவவே உதவாதுன்னும் அடிச்சுச் சொல்ல முடியாது. தெரியாதுங்கறதுதான் நெஜம். ஆனா அந்தக் கேப்சூல், தண்ணி, நேரத்துக்கு செக்-அப், இது எல்லாம் தெரிஞ்ச விஷயம். தெரிஞ்சத விட்டுட்டுத் தெரியாததப் பிடிக்கக் கூடாது."

வேலையிடத்தில் செய்யக்கூடியதும் சொன்னார். ஒரு நேரத்தில் ஒரு வேலை, வாயால் சொல்லாமல் எழுதிக் கொடுப்பது, நடுவில் சின்ன ஓய்வு.

ந. கண்ணை மூடியிருந்தாள். தூங்கவில்லை. இமை ஆடிற்று.

போகும்போது வாசலில் டாக்டர் பிரியாவிடம்: "அவங்களுக்கு நெனவு இருக்காது. நீங்க ஞாபகம் வெச்சுக்குங்க."

பிரியா போனில் ஏதோ பார்த்துக்கொண்டிருந்தாள். "ஓகே டாக்டர்."

மே 20, செவ்வாய்

வீடு. நேற்று அனுப்பிவிட்டார்கள். லேசான மேகம், மழை இல்லை. ஏழுமலை பையைத் தூக்கிவந்தான். ரேவதி ரசம் கொண்டுவந்தாள். மிளகு போதாது.

வாங்க: இளநீர், குளுக்கோஸ், கேப்சூல் (இருக்கிறது), விசிறி.

முரளி தீர்மானம் செய்துவிட்டான். மாத்திரைகள் எல்லாம் இனி பூட்டிய அலமாரியில், சாவி ந.விடம். என் கைக்கு வரக் கூடாது. அதாவது, மாத்திரையை நிறுத்த நினைப்பவளிடமிருந்து பூட்டி, நிறுத்த மாட்டேன் என்பவளிடம் சாவி.

அவன் போனதும் ந. அலமாரியைத் திறந்தாள். டொனெபெசில் அட்டையை வெளியே எடுத்தாள்.

"நளினி, டாக்டர் சொன்னது உன் காதில் விழுந்தது."

"அது உனக்குச் சொன்னதும்மா. எனக்கு இல்ல. எனக்கு எழுதினவரு வேற டாக்டர்."

"நாடி நின்றுபோக இருந்தது."

"திங்கட்கிழமைலேர்ந்து போடறேன். திரும்ப வேலைக்கு ஜாயின் பண்றதுக்குள்ள பழகிடும். கேப்சூலும் போடறேன், ரெண்டும்." பிறகு, முகத்தைத் திருப்பிக்கொண்டு: "அன்னைக்கு நான் தலையாட்டினது..."

"அதைப் பேச வேண்டாம்."

"அம்மா."

"பேச வேண்டாம் என்றேன். தண்ணீர் குடி."

குடித்தாள். முழு டம்ளர்.

இவள் நான் சொன்னால் கேட்க மாட்டாள். ரத்த டாக்டர் எனக்குச் சொன்னது இவளுக்குச் சொன்னதாகாது. முரளியிடம் சொன்னால் மறதி. இந்த வீட்டில் இனி என் சொல்லுக்கு விலை இல்லை. மாத்திரையை எழுதியவர்தான் பதில் சொல்ல வேண்டும். என் பழைய அதிகாரி வாய் உத்தரவை ஏற்கவே மாட்டார், காகிதத்தில் கொண்டுவா என்பார். அவர் சொன்னதில் அது ஒன்றுதான் உருப்படி.

நரம்பு டாக்டருக்குக் கடிதம். இங்கே வரைவு, பிறகு நல்ல தாளில்:

ஐயா,

ஏப்ரல் மாதம் தங்களிடம் வந்த நளினியின் தாய் நான். சிக்கில் செல் நோய் உள்ள அவளுடைய நினைவுத் தடுமாற்றத்துக்கு டொனெபெசில் எழுதியிருந்தீர்கள். அதன் பின் வாந்தி, மயக்கம், நாடி மிக மெதுவாக ஓடியது. ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். வரும் திங்கட்கிழமை முதல் அவள் மீண்டும் அதை எடுக்க இருக்கிறாள்.

கேள்வி 1. அந்த மாத்திரை எழுதப்பட்டது அவளுக்குத்தான், எனக்கல்ல என்பதை உறுதி செய்ய இயலுமா?

(முதல் கேள்வியை அடித்துவிட்டேன். அந்தக் காகிதம் இந்த வீட்டில் இருந்தால் என்றாவது பிரியா கண்ணில் படும். நான் மறதிக்காரியாகவே இருந்துகொள்கிறேன்.)

என் கேள்வி ஒன்றே ஒன்று. சிக்கில் செல் நோய் உள்ளவர்களுக்கு இந்த மாத்திரை உதவும் என்பதற்கு நிரூபணம் இருக்கிறதா? இருந்தால் அப்படியே எழுதுங்கள், தினமும் நானே எடுத்துக் கொடுக்கிறேன். இல்லை என்றாலோ, தெரியாது என்றாலோ, அதையும் அப்படியே எழுதுங்கள். உறையின் மேல் என் பெயர் வேண்டாம், பிரித்துப் படிக்க வேண்டியவள் அவள், அவள் பெயரையே எழுதவும்.

போனில் சொல்ல வேண்டாம். திங்கட்கிழமைக்கு முன் எழுத்தில் பதில் அனுப்பவும்.